கழற்றி மாட்டும் தலை

கப்பல்கள் மிளகு ஏற்றிக்கொண்டு ரோமாபுரிவரை போய் வந்த அந்தக் காலத்தில், நெய்தலம்பட்டினம் என்ற துறைமுக ஊரை வெண்கோடன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆள் மோசமில்லை. ஆனால் யாராவது புகழ ஆரம்பித்தால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஒரு நாள் யவன வியாபாரி ஒருவன் சபையில் பெருமையடித்தான். "எங்கள் சக்கரவர்த்தி உயிரோடு இருக்கும்போதே தெய்வம். தெருவுக்குத் தெரு அவர் சிலைதான். பழைய சிலைகளில்கூடத் தலையை எடுத்துவிட்டு அவர் தலையை வைத்துவிடுவோம்."

ராஜாவுக்கு வயிறு எரிந்தது. அதைக் கவனித்துவிட்டார் வல்லபர். ராஜாவுக்கு ஜால்ரா போடுவதே அவருக்குப் பிழைப்பு. மந்திரி நத்தனாரின் பதவிமேல் பல வருஷமாக ஒரு கண்.

"மகாராஜா, மேற்கு வாசல் முடியன் சிலைக்குத் தினமும் மாலை விழுகிறது. ரோமாபுரி மாதிரியே அந்த உடம்பில் தங்கள் திருமுகம் இருந்தால் எவ்வளவு பொருத்தம்? நத்தனார் பத்து நாளில் முடிக்கட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டுப் போகட்டும்."

முடியன் என்றதும் ராஜாவுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஆற்றுத்துறைச் சண்டையில் ராஜா தோற்று ஓடியபோது, தன் குதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு, தரையில் நின்று எதிரிகளை மறித்துச் செத்த வீரன் அவன். அந்தச் சிலையை வைத்ததே ராஜாதான். இப்போது சபையே தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நத்தனார் எழுந்து கும்பிட்டார். "உத்தரவு. ரோமாபுரி முறைப்படியே செய்கிறேன்" என்று சொல்லி, நேராக யவனன் தங்கியிருந்த இடத்துக்குப் போனார்.

பத்தாம் நாள் ஊரே மேற்கு வாசலில் கூடியது. துணியை விலக்கினார்கள். முடியனின் தோள்மேல் ராஜாவின் முகம். வல்லபர் முண்டியடித்துக்கொண்டு போய் மாலையைப் போட்டு இழுத்துச் சரிசெய்தார். இழுத்த இழுப்பில் கல் தலை கிர்ரென்று திரும்பி உப்பளத்தைப் பார்த்தது. ஜனங்கள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

"என்ன அமைச்சரே இது?" ராஜாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ரோமாபுரி முறை, மகாராஜா. கழுத்தில் ஒரு முளை, தலையில் ஒரு குழி. அடுத்த சக்கரவர்த்தி வந்தால் தலையை மட்டும் மாற்றினால் போதும். யவனன் வீட்டுத் தெருச் சிலைக்கு இதுவரை நாலு தலை மாறியிருக்கிறதாம். நம் இளவரசருக்கும் அளவெடுத்து வைத்திருக்கிறேன்."

"இது ராஜத்துரோகம்" என்று கத்தினார் வல்லபர்.

"ரோமாபுரி மாதிரி வேண்டும் என்று யோசனை சொன்னது தாங்கள்தானே? அதில் பாதியை மட்டும் எப்படிச் செய்வது?"

அந்த நேரத்தில் முடியனின் மனைவி வெள்ளச்சி, தினமும் வருகிறபடி மாலையோடு வந்தாள். சிலையை அண்ணாந்து பார்த்தாள். பீடத்துக்குக் கீழே வைக்கோல்மேல் கிடந்த முடியனின் தலையைத் தேடிப்போய், மண்ணைத் துடைத்து, மாலையை அதன்மேல் வைத்தாள்.

ராஜாவும் அந்த முகத்தைப் பார்த்தார். 'போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அன்றைக்குச் சொன்ன முகம். வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை பேர் முன்னால் பீடத்தில் ஏறி, தன் தலையைத் தானே கழற்றி, "பிடியும் இதை" என்று வல்லபர் கையில் கொடுத்தார். கனம் தாங்காமல் வல்லபர் உட்கார்ந்தேவிட்டார். முடியனின் தலையிலும் நத்தனார் முன்யோசனையாகக் குழி வெட்டியிருந்தார். ராஜாவே தூக்கி வைத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது.

"நத்தனாரே, பதவி உம்முடையதுதான். நான் வழி தவறும்போதெல்லாம் இப்படியே செய்யும்" என்றவர், வெள்ளச்சியிடம் வந்து கை கூப்பினார். "அம்மா, இது ஊருக்குத் தெரியாது. அன்றைக்கு நான் தோற்று ஓடினேன். ஓடியது உன் புருஷன் குதிரையில்."

"ஊருக்கே தெரியும் மகாராஜா" என்றாள் வெள்ளச்சி. "ஓடினவர் அவரை மறக்காமல் சிலை வைத்தாரே, அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை வருஷமாக உங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்."