செசிலி வெட்டாத கொடி

ஒரு ஊர்ல ஒரு திராட்சைத் தோட்டம். மலையடிவாரத்துச் செம்மண்ணு, அள்ளுனா விரலுக்குள்ள பொலபொலன்னு உதிரும். தலைக்கு மேல கம்பிப் பந்தல். அந்தப் பழத்தைப் பிழிஞ்சு, சாடியில ஊறப்போட்டு, மாதா கோயில் பூசைக்குத் திராட்சை ரசம் எடுக்கறது அந்தக் குடும்பத்து வேலை. ம் சொல்லு, அப்பத்தான் கதை நகரும்.

அந்த வீட்டுக்குச் செசிலின்னு ஒரு மருமக வந்தா. கடற்கரைப் பொண்ணு. மீனைப் பத்திக் கேட்டா மூச்சு விடாமச் சொல்வா, கொடியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. வந்த மறுவாரமே கவாத்து. புருஷன் பவுல்ராசு கத்தரிய எடுத்து நறுக் நறுக்குன்னு கிளையெல்லாம் வெட்டித் தள்ளுறான். அப்புறம் பாத்தா, வெட்டுன நுனியிலெல்லாம் தண்ணி. சொட்டு... சொட்டு... செசிலி ஓடிப்போயி ஒரு நுனியைக் கையால பொத்திக்கிட்டா.

"ஏங்க, அழுவுதுங்க."

"அது அப்படித்தான் வடியும். வெட்டுனாத்தான் காய்க்கும்."

அவ கேட்டாத்தானே? மொதல்ல பழைய சேலையைக் கிழிச்சுக் கட்டுப் போட்டா. துணி நனைஞ்சு சொட்டுச்சு. அப்புறம் களிமண்ணை அப்பினா. பொதுக்குன்னு விழுந்துச்சு. அப்போ என்ன பண்ணா தெரியுமா? கத்தரியையே அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சுட்டா. பவுல்ராசு வீடு பூரா தேடிட்டு, கடைசியில இவ மூஞ்சியப் பாத்தான்.

"மூலையில ஒரு கொடிதான் மிச்சம். அதை மட்டும் விட்டுருங்க."

"விடுறேன். காய்க்கலைன்னா வேரோட தோண்டிருவேன். சம்மதமா?"

"ம்"னா அவ. நீயும் சொல்லு.

நாலு மாசம் போச்சு. மத்த கொடியெல்லாம் கருகருன்னு குலை. செசிலி கொடியில இலை, இலை, வெறும் இலை. பவுல்ராசு மண்வெட்டியோட வந்துட்டான். அவ குறுக்க நின்னா.

"இன்னும் ஒரு தடவை. கத்தரியைக் குடுங்க, நானே வெட்டுறேன்."

நறுக். கொடியும் சொட்டுச்சு, அவ கண்ணும் சொட்டுச்சு. கை மட்டும் நிக்கலை. தூரைச் சுத்திக் குழி பறிச்சு, ஆட்டுப்புழுக்கையும் வேப்பம்புண்ணாக்கும் போட்டு, வெட்டுன இலையையே உள்ள மிதிச்சு மூடுனா. தினம் வந்து பாத்தா. பத்தாம் நாளு, புளுக்குன்னு ஒரு மொட்டு. அப்புறம் பொடிப்பொடியாப் பூ. அப்புறம் குலை குலையா, பந்தலே தாழ்ந்து போச்சு.

செசிலி அந்தத் தண்டைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. "வெட்டுன கைக்கே குடுத்தியே தாயி. நீ நல்லாருக்கணும்."

அந்த வருசத் திருவிழாப் பூசைக்கு அந்தக் கொடியோட ரசந்தான். பிழிஞ்ச சக்கையை அவ யாருக்கும் குடுக்கலை. கூடையில சுமந்துட்டுப் போயி, அதோட தூர்லயே கொட்டி மூடிட்டு வந்தா.

என்ன, "ம்" சத்தத்தையே காணோம். சரி, சாடியில ரசம் ஊறட்டும், கதையும் நின்னுபோச்சு, நீ தூங்கு சாமி.