கார்த்திகைத் திரி

நாகைக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் மாசிலாமணியார் என்றொரு அடியார் வாழ்ந்தார். விசைப்படகின் அடியில் சேரும் நீரை இறைத்துக் கொட்டுவதும் என்ஜினுக்கு எண்ணெய் விடுவதும் அவர் பிழைப்பு. ஊர்ச் சிவன் கோயிலின் கார்த்திகை தீபத்துக்கு ஆண்டுதோறும் கட்டைவிரல் பருமனில் நெடுந்திரி திரித்துக் கொடுப்பது அவர் தொண்டு. வேலை ஓய்ந்தபோதெல்லாம் ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டே பஞ்சு முறுக்குவார்.

ஒரே மகனைக் கடல் கொண்டுபோன ஆண்டிலும் திரி தவறவில்லை. "புள்ளையக் காப்பாத்தாத சாமிக்கு வெளக்கு ஒரு கேடா, பெருசு?" என்று படகோட்டி பன்னீர் கேட்டதுண்டு. அன்று அடியார் கையில் முறுக்கு இன்னும் இறுகியது, அவ்வளவுதான்.

அவ்வாண்டு தீபத்தன்று காலை, ஐந்து பேரோடு கரை திரும்பும் வழியில் படகைப் புயற்காற்று பிடித்துக்கொண்டது. படகைத் தள்ளும் விசிறியின் தண்டு அடிப்பலகையைத் துளைத்து வெளியேறும் இடத்தில், நீரைத் தடுக்கும் கயிறு தேய்ந்து கருகிப்போய்க் கடல் உள்ளே பாய்ந்தது. மாற்றுக் கயிறு எங்கே என்று தேடினால், போன பயணத்தில் ஐஸ் பெட்டி மூடியைக் கட்ட யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அதுவும் இற்றுப்போயிருந்தது. என்ஜினை நிறுத்தியதும் படகு அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு தத்தளித்தது. பன்னீர் பெற்ற பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார்.

மாசிலாமணியார் பலகைகளுக்கு அடியே மல்லாந்து ஊர்ந்து போனார். முகம் மட்டுமே நீருக்கு மேலே. இரண்டு நட்டுகளைக் கழற்றிக் கருகிய கயிற்றைத் தோண்டி எடுத்ததும் கடல் நெஞ்சில் அறைந்தது. திணிக்க எதுவுமில்லை, மடியில் இருந்த திரியைத் தவிர. அவருக்கு உயிரே போய்விட்டது போலிருந்தது.

"அப்பனே, ஒன் வெளக்கு காத்துக் கெடக்கட்டும். இந்த அஞ்சு வீட்டு வெளக்கு அணையக் கூடாது" என்றார்.

ஒரு கை நீரைத் தடுத்திருக்க, சுவாமிக்கென வைத்த திரியைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினார். கிரீஸில் புரட்டி, வளையம் வளையமாகத் தண்டைச் சுற்றித் திணித்து நட்டுகளை இறுக்கினார். பாய்ந்த நீர் சொட்டாகக் குறைந்தது. தண்டு சூடேறாதிருக்க அந்தச் சொட்டு வேண்டும் என்று அதோடு விட்டார். என்ஜின் உயிர்த்தது.

அந்தி சாயக் கரை சேர்ந்தார்கள். எல்லாரும் பிழைத்த மகிழ்ச்சியில் இருக்க, அடியார் மட்டும் மணலில் அமர்ந்து தேம்பினார். அப்போது குருக்களே கடற்கரைக்கு வந்து திரியைக் கேட்டார். எச்சிலாக்கிவிட்டேன், கிரீஸில் தோய்த்துவிட்டேன், இனி நான் கோயில் வாசலை மிதிக்கத் தகுமா என்று அடியார் கதறினார்.

குருக்கள் அவர் அருகே மணலில் அமர்ந்தார். "உச்சிப் பூஜை முடிஞ்சு கண்ணசந்தேன். சுவாமி சொப்பனத்துல வந்தார். நம்ம திரி கடல்ல வேலையா இருக்கு, அது வர்ற வரைக்கும் வேற திரி போடாதேன்னார்."

பன்னீர் உடனே போய்ப் புதுக் கயிறு வாங்கிப் படகுக்குள் இறங்கினார். அதைத் திணித்துவிட்டு, கழற்றிய திரித் துண்டுகளை இரு கைகளிலும் ஏந்தி வந்தார். கோயில் தீபத்தில் இட்டபோது, உப்புநீர் ஊறிய அந்தத் துண்டுகள் நெருப்பின் முதல் தீண்டலிலேயே பற்றிக்கொண்டு, அந்தக் காற்றிலும் விடியும்வரை எரிந்தன.

கடித்த திரியைக் காத்திருந்து வாங்கிக்கொண்டவன் பெருமையைச் சொல்வதா, கொடுத்தவர் பெருமையைச் சொல்வதா? மாசிலாமணியார் திருவடிக்கு நம் வணக்கம்.