சில்லரில் ஒட்டிய பெயர்

"இதை நான் ஒட்ட மாட்டேன் அம்மிணி."

சென்னியப்பன் கையில் ஒரு பச்சை ஸ்டிக்கர் இருந்தது. 'சர்வீஸ் முடிந்தது. நன்றாக இருக்கிறது' என்று அச்சடித்திருந்தது. கீழே மெக்கானிக் பெயர் எழுத ஒரு கோடு. கோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

மேகலா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏனுங்ண்ணா?"

குருவுக்கு இருபத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவளுக்கு வேலை தெரியும், அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அவர் லாரி ஓட்டியவர். ராத்திரியில் கண் மங்கியது, வண்டியை விட்டார். கடை கடையாகப் போய்க் குளிர்பெட்டிகளுக்குச் சர்வீஸ் செய்கிற மேகலாவிடம் வந்து சேர்ந்தார்.

இன்றுதான் முதல் தடவையாக ஒரு மெஷினைத் தனியாக முடித்திருக்கிறார். கோபியில் ஒரு சூப்பர் மார்க்கெட். முன்பக்கம் கதவே இல்லாத பெரிய சில்லர். உள்ளே பால், தயிர், பன்னீர்.

ஸ்டிக்கரில் அவர் பேர் ஏறினால் இந்தக் கடை இனிமேல் அவர் பொறுப்பு. மாசா மாசம் அவரே வருவார். ஏறாவிட்டால் மறுபடியும் பக்கெட் தூக்குகிற ஆள்தான்.

அதைத்தான் ஒட்ட மாட்டேன் என்கிறார்.

"நான் என்ன வேலை பாக்கி வெச்சேன்? சொல்லுங்க. பின்னாடி இருந்த தூசியெல்லாம் பிரஷ் போட்டு எடுத்தேன். ஃபேன் றெக்கையத் துடைச்சேன். தண்ணி போற குழாயில கொத்தமல்லித் தண்டு அடைச்சுக் கெடந்துச்சு. கைய விட்டு எடுத்தேன். இப்பவும் நாறுது. மோந்து பாருங்க."

"வேண்டாங்ண்ணா. இங்கிருந்தே தெரியுது."

"அப்புறமும் தயிரு பதினாலு டிகிரி! ரெண்டு பாக்கெட்டுக்கு நடுவுல தெர்மாமீட்டரச் செருகிப் பார்த்தேன். மேல லைட்டுல நம்பர் என்ன எரியுது? நாலு! இதுல எது பொய் சொல்லுது?"

"ரெண்டும் பொய் சொல்லலைங்ண்ணா."

"எனக்கு வயிறு எரியுது. நீங்க விடுகதை போடறீங்களா?"

"அந்த நாலு எங்கிருந்து வருதுன்னு தேடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே தலையை உள்ளே விட்டார். தேடினார். கிடைத்தது.

கறுப்பு வயர். அதன் முனையில் விரல் நுனி அளவுக்கு ஒரு சென்சார். அது கீழே, முன்பக்கம் இருக்க வேண்டியது. குளிர்காற்று எல்லாச் சரக்கையும் தொட்டுவிட்டுத் திரும்பி வரும் இடம் அதுதான். யாரோ அதைப் பிடுங்கி மேலே கொண்டுபோய், காற்று புதுசாக வெளியே வரும் வாயில் செருகியிருந்தார்கள்.

அங்கே நாலுதான் காட்டும். கீழே தயிர் கொதித்தாலும் நாலுதான் காட்டும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நாலு வந்துவிட்டது என்று நம்பி மெஷின் ஓய்வெடுக்கப் போய்விடும். தயிர் இன்னும் சூடாகும்.

சில்லருக்கு மூளை கிடையாது. சென்சார் சொல்வதை அப்படியே நம்பும். மனுஷனுக்கு மூளை உண்டு. அதனால்தான் சென்சாரை இடம் மாற்றினான்.

"எவன்டா இதைச் செஞ்சது?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் திவாகர் பிஸ்கட் வரிசையிலிருந்து ஓடி வந்தார்.

"கத்தாதீங்க பெரியவரே. நாங்கதான் செஞ்சோம்."

"எதுக்கு?"

"பதிமூணு, பதினாலுன்னு காட்டுச்சு. ஹெட் ஆபீசுல கேமரா வழியாப் பார்த்துட்டு என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கறாங்க. அதான் அட்ஜஸ்ட் பண்ணினோம்."

"தயிர அட்ஜஸ்ட் பண்ணினீங்களா?"

"நம்பர அட்ஜஸ்ட் பண்ணினோம்."

ஒளிவுமறைவு இல்லாத பதில். அதைக் கேட்டுத்தான் சென்னியப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது.

மேகலா சில்லரின் அடியைக் காட்டினாள். காற்று திரும்பிப் போக வேண்டிய கம்பிச் சந்தை அடைத்து ஜூஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தயிர் குளிராததற்கு அதுதான் காரணம். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.'

"இதை எடுங்கன்னு போன மாசமே சொன்னேனுங்களே."

"அது ஆஃபர் மேடம். அது அங்கதான் இருக்கணும். அங்கதான் கண்ணுல படும்."

சென்னியப்பன் சென்சாரைப் பழைய இடத்துக்கு இழுக்கப் போனார். திவாகர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதைத் தொடக் கூடாது. நீங்க வந்தது கிளீனிங்குக்கு. பண்ணியாச்சுல்ல? ஸ்டிக்கர ஒட்டிட்டுக் கிளம்புங்க. முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளக் கூப்பிட்டுக்கறேன். ஊருல ஸ்டிக்கர் ஒட்டறதுக்கா ஆள் இல்ல?"

சென்னியப்பன் கையை உதறினார். மேகலாவிடம் திரும்பினார்.

"கேட்டீங்களா அம்மிணி இவரு பேசறத? பிரேக் சரியில்லைன்னு நடுரோட்டுல லோடு லாரிய நிறுத்திட்டு இறங்கிப் போனவன் நானு. மொதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினான். போடான்னுட்டு வேற வண்டிக்குப் போனேன். இது கொழந்தைக திங்கறது! வாந்தியெடுத்தா இவரு வந்து தொடைப்பாரா? சொல்லுங்க. நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தவிங்க. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

மேகலா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

"பேரை எழுதுங்க."

"என்னது?"

"எழுதுங்ண்ணா. முழுப் பேரு. போன் நம்பரும்."

"நீங்களுமா?"

அவள் பேனாவை நீட்டியபடியே நின்றாள்.

"மேடத்துக்குப் புரியுது," என்றார் திவாகர்.

சென்னியப்பன் பேனாவைப் பிடுங்கினார். சில்லரின் பக்கவாட்டுத் தகட்டில் ஸ்டிக்கரை வைத்து எழுதினார். அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்திருக்க வேண்டியது. தப்பித்தது.

"இந்தாங்க. ஒட்டிக்கங்க. நாளையிலிருந்து நான் வரலை. உங்ககிட்டக் கத்துக்கிட்டது போதும். நான் தேங்காய் உரிச்சுப் பொழைச்சுக்கறேன்."

மேகலா ஸ்டிக்கரை வாங்கிப் பின்தாளை உரித்தாள்.

வழக்கமாக அதை மெஷினுக்குப் பக்கவாட்டில், பிளக் பக்கமாக ஒட்டுவார்கள். யாரும் பார்க்காத இடம். அவள் அங்கே போகவில்லை. ஒரு காலியான பால் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றாள். மேலே நாலு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேலேயே ஒட்டினாள். கட்டைவிரலால் நாலு மூலையையும் தேய்த்தாள்.

நம்பர் மறைந்தது. பின்னாலிருந்த வெளிச்சத்தில் பெயர் எரிந்தது. நன்றாக இருக்கிறது. சென்னியப்பன்.

"மேடம்! நம்பர் தெரியலையே!"

"ஒட்டச் சொன்னீங்க. ஒட்டியாச்சுங்க."

"கேமராவுல பார்த்தா என்ன தெரியும்?"

"அண்ணன் பேரு தெரியும்."

திவாகர் டிரேயில் ஏறி ஸ்டிக்கரைச் சுரண்டினார். நல்ல பசை. நகம்தான் உடைந்தது.

அப்போது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். தயிர் பாக்கெட் ஒன்றை எடுத்தாள். மேனேஜர் டிரேயில் நின்று எதையோ சுரண்டுவதைப் பார்த்து, அவளும் அண்ணாந்து பார்த்தாள். படித்தாள்.

"யாருங்க இந்தச் சென்னியப்பன்?"

சென்னியப்பன் மேகலாவைப் பார்த்தார். அவள் குனிந்து ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்தாள், போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"நான்தாங் கண்ணு," என்றார்.

"நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. இவனுக்கு மூணு நாளா வயிறு சரியில்லீங்க. டாக்டர் தயிர்ச்சோறுதான் குடுக்கச் சொன்னாரு. இதைக் குடுக்கலாங்களா?"

திவாகர் டிரேயிலிருந்து இறங்கினார். சிரித்தார். அது அந்தப் பெண்ணுக்கான சிரிப்பு. கண் மட்டும் சென்னியப்பன் மேல் இருந்தது.

"சொல்லுங்க பெரியவரே. நீங்கதான சர்வீஸ் பண்ணினீங்க?"

குழந்தை அவள் கையிலிருந்த பாக்கெட்டை இழுத்து வாயில் வைக்கப் போனது.

சென்னியப்பன் அதைப் பிடுங்கினார். குழந்தை வீறிட்டு அழுதது.

"குடுக்காத கண்ணு. இது குளிரவே இல்ல. பதினாலு டிகிரியில கெடக்குது. வேற கடையில வாங்கிக்க."

"அப்புறம் எதுக்குங்க நல்லா இருக்குதுன்னு எழுதுனீங்க?"

"தப்புதான். எம் பேருதான் அது. நான்தான் சொல்றேன், வேண்டாம்."

பின்னால் கூடையோடு நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அப்ப பன்னீருங்க?"

"அதுவும் வேண்டாங்க."

"யோவ்!" திவாகர் சென்னியப்பனின் சட்டைக் காலரைப் பிடித்தார். "உனக்கு இங்க இனி வேலையே கிடையாது!"

அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி கையில் பால்.

"அண்ணா, இது?"

காலர் திவாகர் பிடியில் இருந்தது. சென்னியப்பன் இந்தத் தடவை மேகலா பக்கம் திரும்பவில்லை.

"கீழ வைம்மா," என்றார்.