தொட்டிப் பக்கம் திரும்பிய பூக்கள்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையை உரக்கச் சொன்னால் அது திரும்பிப் பார்க்கும்.

மாசிலாமணி கேட்டார்: “அம்மா, மண்ணுக்குள்ள இறங்கின விஷத்தை வெளிய எடுக்க முடியுமா?”

கேட்டவருக்குத் தலையெல்லாம் நரை. பதில் சொல்ல வேண்டியவளுக்கு அவர் மகளைவிட நாலைந்து வயசு கூட இருந்தால் அதிகம். ஊசிப்பட்டு ஊரில் மூடிக் கிடந்த தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், மதிலோரம் குந்தியிருந்தாள். எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை, ஒருத்தருக்கும் தெரியாது. எந்தச் செடியைப் பிடுங்கினாலும் வேரைத்தான் முதலில் மோந்து பார்ப்பாள். அதனால் வேரம்மா என்று பேர். பாதி ஊர் அவளைச் சாமி என்றது. மீதி ஊர் பைத்தியம் என்றது.

“உங்க பேரு இன்னா பெரியவரே?”

“மாசிலாமணி.”

அவள் சிரித்தாள். “பேருல மாசு இல்ல. நிலத்துல மட்டும் எப்படி வந்துது?”

“நீங்க சாஞ்சிருக்கிற மதிலுக்கு உள்ள இருந்துதான். தோலு ஊறப்போட்ட தண்ணியெல்லாம் என் நிலத்துலதான் வந்து விழும். முதலாளி பூட்டிக்கினு போயிட்டான். தண்ணி போகல.”

“சரி. உங்களுக்கு இன்னா வேணும்?”

மாசிலாமணி தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“ஒரே பொண்ணும்மா. அஞ்சுகம். பொறந்த வீட்டுக்கு வர்றப்ப தண்ணி கேனைத் தூக்கிக்கினு வருது. சோத்தையும் கட்டி எடுத்துக்கினு வருது. அது மேல தப்பு சொல்ல மாட்டேன். என் நிலத்துல வெளைஞ்ச கேழ்வரகுல ஒரு வாய் களி அது சாப்பிடணும். அதை நான் பார்க்கணும்.”

வேரம்மா மடியில் கையை விட்டாள். ஒரு பிடி சூரியகாந்தி விதையை அவர் துண்டில் போட்டாள்.

அவ்வளவுதான் பதில்.

*

விதை முளைத்தது. வளர்ந்தது. மாசிலாமணி தன் ஆயுசில் அப்படி ஒரு சூரியகாந்தியைப் பார்த்ததில்லை. இலை ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். தண்டு முழங்கை கனம்.

வேரம்மாவும் நிலத்து மூலையில் குடிசை போட்டு வந்து சேர்ந்தாள்.

உச்சி வெயிலில் மாசிலாமணி செடிகளுக்கு நடுவே போய் நின்றார். பூ என்றால் தேனீ இரைய வேண்டும். கிளி வந்து கொத்திச் சிந்த வேண்டும். ஒன்றும் இல்லை. காற்று அடித்தது. இலை ஆடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஆட்டை ஓட்டி வந்தார். வரப்பு வரை வந்த ஆடு, நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது.

சூரியன் மேற்கே சாய்ந்தது. பூக்கள் சாயவில்லை. எல்லாம் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தன. வடக்கே என்ன இருக்கிறது? ஒரு பாறை. அதன் மேல் தோல் ஊறவைக்கக் கட்டிய பழைய சிமெண்ட் தொட்டி. கல் மூடி போட்டது.

“அம்மா, இதெல்லாம் ஏன் அந்தத் தொட்டியையே பார்க்குது?”

“போற எடத்தைப் பார்க்குது.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

*

வேரம்மா அந்தத் தொட்டியைக் கழுவி, வெடிப்பை எல்லாம் பூசி அடைப்பதற்காகப் பாறைக்குப் போயிருந்த அன்றைக்கு, டிராக்டர்காரன் எத்திராஜ் வந்தான்.

“இன்னா அண்ணே, இவ்ளோ பச்சையை நிக்க வச்சுக்கினு வேடிக்கை பார்க்கறே? மடக்கி உழு. மண்ணு சும்மா வெல்லம் மாதிரி ஆயிடும்.”

மாசிலாமணியின் அப்பா உரத்துக்காகச் சணப்பை விதைத்து, பச்சையாகவே மண்ணுக்குள் மடக்கி உழுதவர். தாத்தா கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுதவர். நல்ல விவசாயி பச்சையை வீணாக்குவானா? மண் கொடுத்ததை மண்ணுக்கே கொடுப்பதில் என்ன தப்பு?

“உழுடா” என்றார்.

டிராக்டர் ஓடியது. ஒரு பூ மிச்சமில்லாமல் மண்ணுக்குள் போனது. மாசிலாமணி பின்னாலேயே பெருமையாக நடந்தார். நடந்த வேகத்தில் கருவேல முள் ஒன்று குதிகாலில் ஏறிவிட்டது.

வேரம்மா வந்தாள். உழுத நிலத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. வரப்பில் உட்கார்ந்து, “காலைக் குடுங்க பெரியவரே” என்றாள்.

ஊக்கு முனையால் தோலை மெல்லக் கீறினாள். நெம்பினாள். முள் முழுசாக வந்தது.

“அப்பாடா” என்று மாசிலாமணி மூச்சு விட்டார்.

அவள் அந்த முள்ளை நிதானமாகத் திருப்பினாள். எடுத்த ஓட்டையிலேயே குத்தி இறக்கினாள்.

“ஐயோ! ஏம்மா! பைத்தியமா உனக்கு?”

“மடக்கி உழுதேன்” என்றாள் வேரம்மா.

எத்திராஜ் டிராக்டரை எடுத்துக்கொண்டு ஓடியே போனான்.

*

மறுபடி விதைத்தார்கள். இந்தத் தடவை வேரோடு பிடுங்கினார்கள். உதிர்ந்த இலையைக்கூடப் பொறுக்கினார்கள். கட்டுக்கட்டாய்த் தூக்கிப் போய்த் தொட்டியில் போட்டு மூடினார்கள். எரிக்கலாமே என்று மாசிலாமணி கேட்டபோது, வேரம்மா புகை போகிற பக்கம் கையை நீட்டினாள். அங்கே அவர் வீடு இருந்தது.

அடுத்த வருஷமும் விதைத்தார்கள். பிடுங்கியதைப் போட மூடியை நகர்த்தினார்கள்.

உள்ளே போன வருஷத்துச் செடி அப்படியே கிடந்தது. அழுகவில்லை, வாடவில்லை. இலை பச்சை, பூ மஞ்சள். வெளிச்சம் விழுந்ததும் அத்தனை பூவும் ஒன்றாக மேலே பார்த்தன.

மாசிலாமணி கட்டைப் போட்டுவிட்டுப் பாறையிலிருந்து குதித்தே இறங்கினார்.

கீழே நின்று கத்தினார்: “ஏம்மா அது அழுகல?”

மேலேயிருந்து குரல் வந்தது: “அழுகறதுக்கும் புழு வேணுமே பெரியவரே. எந்தப் புழு இதைத் தின்னும்?”

இன்னொன்றும் அவருக்கு உறுத்தியது. அந்த நிலத்துக் கிணற்றுத் தண்ணீரை அவள் ஒருத்திதான் குடித்தாள். வந்த நாளிலிருந்து அதே தண்ணீர்தான். அவள் நகமெல்லாம் பச்சையாகிவிட்டது. மருதாணி சிவக்கிற மாதிரி இது வருஷத்துக்கு வருஷம் பச்சையில் ஏறியது.

“என் வீட்டுல கேன் தண்ணி இருக்கேம்மா. இது எதுக்கு?”

“யாராவது ஒருத்தர் குடிச்சுக்கினே இருந்தாத்தானே என்னிக்கு மாறுதுன்னு தெரியும்.”

“அதுக்குத்தான் தண்ணி சோதிக்கிற ஆபீஸ்ல இருந்து வந்து பாட்டில்ல புடிச்சுக்கினு போனாங்களே.”

“போனாங்க. வந்தாங்களா?”



*

பிறகு ஒரு வருஷம் விதைத்தபோது செடி சிறுத்து வந்தது. சாதாரணச் சூரியகாந்தி மாதிரி. பூக்கள் கிழக்கே பார்த்தன.

வேரம்மா கிணற்றில் ஒரு கை மொண்டு வாயில் விட்டாள். வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தாள்.

“பெரியவரே, கேழ்வரகு விதைங்க” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு தேனீ வந்தது. மாசிலாமணி அதன் பின்னாலேயே பிள்ளை மாதிரி ஓடினார். பாட்டில்காரர்களும் கடைசியில் ஒருவழியாக வந்து, மண்ணையும் தண்ணீரையும் எடுத்துப் போய், தேவலை என்று சொல்லி அனுப்பினார்கள்.

கேழ்வரகு கதிர் வாங்கியது. அறுத்தார்கள், அடித்தார்கள். அஞ்சுகத்துக்குச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.

நிலம் தெளியத் தெளிய வேரம்மா படுத்துவிட்டாள். பச்சை நகத்திலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து கைக்கும் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று குடிசைக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

எத்திராஜ் ஊரைக் கூட்டினான். இப்போது பாதி ஊர், மீதி ஊர் எல்லாம் கிடையாது. ஊர் மொத்தத்துக்கும் அவள் சாமி.

“சாமியாருங்களை எரிக்கக் கூடாது அண்ணே. உட்கார வச்சு சமாதி பண்ணணும். உன் நிலத்துல, நட்ட நடுவுல. மேல ஒரு கோயிலு. அந்தம்மா மீட்ட மண்ணு, அந்தம்மாவுக்கே குடுக்கறதுதான் முறை.”

மாசிலாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. தானே மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினார். உப்பு, விபூதி, வில்வம் எல்லாம் வந்து இறங்கியது.

குடிசைக்குள்ளிருந்து வேரம்மா அந்தக் குழியைப் பார்த்தாள். அவரைக் கூப்பிட்டாள்.

“பெரியவரே, உங்க காலு ஆறிடுச்சா?”

“எந்தக் காலும்மா?”

“முள்ளு குத்தின காலு.”

“அது ஆறி எத்தனையோ காலம் ஆச்சே.”

“நல்லது” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூச்சு நின்றிருந்தது. எத்திராஜ் மூக்கில் கை வைத்துப் பார்த்தான். மாசிலாமணியும் பார்த்தார். உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. பெண்கள் குளிப்பாட்டி, சம்மணம் போட்டுச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். குழிக்குக் கற்பூரம் போடப் போனார்கள்.

அஞ்சுகம் வந்தாள். அப்பா வீட்டு அடுப்பில் அவளே களி கிண்டினாள். தண்ணீர் கேனை எடுத்து வரவில்லை.

உச்சிப்பொழுதில் வேரம்மாவைத் தூக்க ஆள் போனது.

குடிசைக்குள் யாரும் இல்லை.

வாசலில் ஈரக் காலடி இருந்தது. மாசிலாமணி அதைப் பிடித்துக்கொண்டே போனார். காலடி வரப்பின் கல் மேலேயே போயிருந்தது. வயல் மண்ணில் ஒரு இடத்தில்கூடப் படவில்லை. வெட்டி வைத்த குழியைச் சுற்றிக்கொண்டு, வடக்கே, பாறைக்கு ஏறியிருந்தது.

அவருக்குக் குதிகாலில் சுருக்கென்றது. எப்போதோ ஆறிப்போன இடம்.

பாறை மேல் ஏறினார். தொட்டியின் கல் மூடி ஒரு முழம் திறந்திருந்தது. உள்ளே அத்தனை வருஷத்துப் பூவும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து.

கீழே வீட்டிலிருந்து அஞ்சுகத்தின் குரல் கேட்டது. வாயில் களியை வைத்துக்கொண்டே கூப்பிடுகிற குரல்.

“அப்பா, ஆறிப் போகுது. வந்து சாப்பிடுங்க!”

தொட்டிக்குள்ளிருந்து பச்சை நகமுள்ள ஒரு கை வெளியே வந்தது. மூடியின் ஓரத்தைத் தடவிப் பிடித்தது. உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டது.