மிச்சம் வைக்கக் கூடாத கிண்ணம்

நேசையன் போதகரிடம் ஊழியம் பழகிய சாம்ராஜ், ஞானாபரணம் ஐயரின் நினைவு ஞாயிறுக்கான ஆராதனை முறையை எழுதிக்கொண்டு வந்தான். வயலோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமையாக வளர்ந்து, விடுதலையாகி, ஆள் விற்கும் வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் போராடியவர் அந்த ஐயர். அவர்கள் சபையின் முதல் போதகரும் அவர்தான். சபைக் காரியங்களைக் கவனித்த முதல் மூப்பர் சாம்ராஜின் பூட்டன்.

மாலைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

"வாசி," என்றார் போதகர்.

"'அவர் நீட்டிய கிண்ணத்தை எங்கள் முன்னோர் மகிழ்ச்சியோடு வாங்கிப் பருகினார்கள். ஆண்டவரே, உமக்கு நன்றி.' இதைச் சபையார் எல்லாரும் சேர்ந்து சொல்லணும், ஐயா."

எழுத்து அழகாகத்தான் இருந்தது. அதுதான் வினை.

போதகர் எழுந்துபோய், சபையார் எல்லாரும் பருகும் திருவிருந்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். பெரிய வெள்ளிக் கிண்ணம். விளிம்புவரை திராட்சரசம் ஊற்றினார்.

"இன்னும் ஜெபிக்காத ரசம்தான். குடி."

கொஞ்சம் குடித்ததுமே சாம்ராஜுக்குத் திகட்டிவிட்டது.

"முழுசும் குடி."

"முடியல ஐயா. இது சபை முழுசுக்கும் உள்ளது."

"ஆசீர்வதிச்ச ரசம் மிஞ்சினா என்ன செய்யணும்?"

"கொட்டக் கூடாது. திருவிருந்து கொடுத்த ஐயர்தான் குடிச்சு முடிக்கணும்."

"ஞானாபரணம் ஐயர் முடிச்சார். அவரோட முதல் திருவிருந்துல ஒருத்தரும் எழுந்து வரல. அடிமையா இருந்தவன் கையால வாங்குறதான்னு உட்கார்ந்தே இருந்தாங்க. அத்தனை பேர் முன்னாடியும் தனியா நின்னு கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சார்."

சாம்ராஜ் அதிர்ந்துபோனான். கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"யார் சொன்னது?"

"அன்னைக்குக் கோயில் மணியடிச்சவர் என் பூட்டன். வாசல்ல நின்னு பார்த்தார். அவரும் உள்ளே போகல."

"எங்க பூட்டன் மூப்பராச்சே ஐயா! அவருமா?"

"கிண்ணத்தை நிரப்பினதே அவர்தான். ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சே விளிம்புவரைக்கும் ஊத்தினார்."

சாம்ராஜ் தாளை எடுத்தான். கிழிக்கப் போனான். போதகர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிச்சுட்டா ஞாயித்துக்கிழமை சபையார் சேர்ந்து எதைச் சொல்வாங்க?"

"எந்த முகத்தோட ஐயா நன்றி சொல்றது? குடிச்சு முடிச்சுட்டு ஞானாபரணம் ஐயர் ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னார். அதை எழுது. காலிக் கிண்ணத்தை உன் பூட்டன் கையிலேயே கொடுத்தார். 'அடுத்த வாரமும் இதே அளவு ஊத்துங்க மூப்பரே. எல்லாரும் வந்தா பத்தாமப் போயிரக் கூடாது'ன்னார்."