கண் திறக்காத சிலை

நீங்களும் நானும் பிறப்பதற்கு வெகு காலம் முன்னால், மஞ்சள்குன்று என்றொரு தேசம். அதை மரகதவல்லி என்ற அரசி ஆண்டாள். கொள்ளை அழகு. அவளுக்கு அஞ்சுகம் என்று ஆறு வயதில் ஒரே மகள். ஒருநாள் அரசி தன் தலையில் ஒரு நரைமுடியைப் பார்த்தாள். அவ்வளவுதான், சோறு இறங்கவில்லை.

மந்திரம் தெரிந்த சிற்பி விடங்கனை வரவழைத்தாள். "எனக்கு வயசே ஆகக் கூடாது" என்றாள்.

விடங்கன் அவளைப் போலவே ஒரு கற்சிலை செதுக்கினான். எந்தச் சிலைக்கும் கண் திறப்பதுதான் கடைசி வேலை. அதை மட்டும் செய்யாமல் உளியைக் கீழே வைத்தான்.

"இனி உங்க வயசெல்லாம் இந்தக் கல்லுக்குள்ள தூங்கும், மகாராணி. கண்ணைத் திறந்தா அத்தனையும் ஒரே நாள்ல உங்க மேல வந்து விழும்."

"யார் திறக்கப் போறா?" என்றாள் அரசி.

அஞ்சுகத்துக்குக் கல்யாணம் ஆனது. அரசி கண்ணாடி பார்த்தாள், சிரித்தாள். அஞ்சுகத்துக்குத் தலை நரைத்தது. அரசி கண்ணாடி பார்த்தாள், சிரித்தாள். அஞ்சுகத்துக்குப் பல் விழுந்தது, பார்வை போனது, நினைவு தடுமாறிப் படுத்த படுக்கையானாள். அரசி கண்ணாடி பக்கமே போகவில்லை.

வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். பெற்ற பிள்ளை கண்ணெதிரே போகிறது. இளமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய, சொல்லுங்கள்? பாவி, அழுது தீர்த்தாள்.

"அம்மா எங்கே?" என்று அனத்தினாள் அஞ்சுகம்.

"இங்கதான் இருக்கேன், கண்ணு."

அஞ்சுகம் அந்தக் கையைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. "நீ யாருடி சின்னப் பொண்ணு? எங்கம்மாவைக் கூப்பிடு."

நான்தான் உன் அம்மா என்று மூன்று தடவை சொன்னாள் அரசி. மூன்று தடவையும் மகள் கையை உதறினாள்.

விடங்கன் செத்து எத்தனையோ காலம். அரசியே உளியை எடுத்தாள். பழக்கமில்லாத கை, சிலையின் இடது கண் கோணிப்போனது. ஆனாலும் திறந்துவிட்டது. நின்ற இடத்திலேயே முதுகு கூனியது, தோல் சுருங்கியது, பல் பொலபொலவென்று கொட்டியது. சுவரைப் பிடித்துப் பிடித்து மகளிடம் வந்து சேர்ந்தாள்.

அஞ்சுகம் மறுபடியும் கையைத் தடவினாள். ஒவ்வொரு சுருக்கமாகத் தடவினாள்.

"வந்துட்டியா அம்மா? எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்!"

"வந்துட்டேன் கண்ணு. நேரமாயிடுச்சு."

பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் தாய் போனாள். அதற்குப் பிறகுதான் மகள் போனாள். பெற்றவளுக்கு முன்னால் பிள்ளை போகவில்லை. இந்தக் கதையில் நல்லது என்று அவர்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.