கழன்றோடிய சக்கரம்

“என் தியானத்துல என்னம்மா கோளாறு?”

வந்ததும் வராததுமாக வைத்திலிங்கம் கேட்ட கேள்வி இதுதான். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. வேட்டியெல்லாம் புழுதி.

அவருக்குப் பின்னால் மடத்து வாசலில் ஒரு லாரி நின்றது. அதன் மேல் படகு வண்டி, ஒரு பக்கச் சக்கரம் இல்லாமல் சாய்ந்து கிடந்தது.

மங்களேஸ்வரி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். லாரியைப் பார்த்தார். யாருக்காவது அடியா என்று கேட்டார்.

யாருக்கும் இல்லை என்றார் வைத்திலிங்கம்.

“அப்ப உட்காருங்க அண்ணே. முதல்ல தண்ணி குடிங்க.”

அம்மா என்றதும் தலை நரைத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வைத்திலிங்கம் ஐம்பதைத் தாண்டியவர். சீடருக்குக் குரு அம்மா, குருவுக்குச் சீடர் அண்ணன். கொன்றைத்திடல் மடத்தில் அப்படித்தான்.

அந்த மடத்துக்கு ஒரு வேலை உண்டு. கடலுக்குள்ளே நண்டுத்திட்டு என்று ஒரு மணல்திட்டு. அங்கே சில குடும்பங்கள். அவர்களுக்குக் குடிதண்ணீரும் மருந்தும் வாரம் தவறாமல் படகில் போக வேண்டும்.

படகைக் கரையில் விட்டுவைத்தால் அலை அடித்து நொறுக்கிவிடும். அதனால் இரண்டு சக்கர வண்டி ஒன்றில் படகை ஏற்றி, மடத்திலேயே வைத்திருப்பார்கள். போகிற நாளில் ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய், வண்டியோடு தண்ணீருக்குள் பின்னுக்குத் தள்ளினால் படகு மிதந்துவிடும்.

படகு நாளுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன.

ஜீப் கிளம்பியதிலிருந்து யாரும் வாய் திறக்கக் கூடாது. கரைக்குப் போனதும் படகை உடனே இறக்க மாட்டார்கள். எல்லோரும் மணலில் உட்கார்வார்கள். கண்ணை மூடிக்கொள்வார்கள். அம்மா எழுந்தால்தான் மற்றவர்கள் எழுவார்கள்.

அந்த மணலில்தான் வைத்திலிங்கத்துக்கு அது நடந்தது.

அவருடைய மகள் பூங்கோதை காய்ச்சலில் போனவள். கல்லூரிக்குப் போகிற வயசு. ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கயும் போயிடாதீங்கப்பா” என்றாள். ஒரே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று கீழே இறங்கினார் மனுஷன். திரும்பி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அந்தக் குரல் அவர் காதை விட்டுப் போகவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் கேட்கும். படுத்தால் கேட்கும். பைத்தியம் பிடிக்காத குறையாகத்தான் இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஒரு படகு நாளில், வெயிலில், மணலில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் குரல் நின்றது. கண்ணைத் திறந்தார். கடல் இருந்தது. அவ்வளவுதான். நிம்மதியில் அன்றைக்கு அவர் அழுத அழுகையை யாரிடமும் சொல்லவில்லை.

போன தை மாதம் பனைமுனையில் மடத்தின் இரண்டாவது படகைத் தொடங்கினார்கள். பொறுப்பு வைத்திலிங்கத்துக்கு.

இப்போது அந்தப் படகின் வண்டிதான் லாரியில் கிடக்கிறது.

தண்ணீரைக் குடித்துவிட்டு நேற்று நடந்ததைச் சொன்னார். வண்டி தார்ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு சக்கரம் ஜீப்பை முந்திக்கொண்டு போகிறது. யார் வண்டிச் சக்கரம் இது என்று இவரே வேடிக்கை பார்த்திருக்கிறார். நம் வண்டியுடையது என்று உறைப்பதற்குள் பின்னால் இரும்பு ரோட்டில் உரசித் தீப்பொறி பறக்கிறது.

அந்தச் சக்கரம் நேரே ஓரத்துப் புளியமரத்தடிக்குப் போயிருக்கிறது. அங்கே நுங்கு விற்கிற பாண்டியம்மா. யாரோ காசுக்குச் சில்லறை கேட்டார்கள் என்று எழுந்தவள் அப்போதுதான் நாலடி நகர்ந்திருக்கிறாள். அவள் உட்கார்ந்திருந்த சாக்கின் மேல் ஏறி, கூடையை நசுக்கி, மரத்தில் மோதி விழுந்திருக்கிறது சக்கரம்.

“அந்தம்மா என்னைத் திட்டக்கூட இல்லம்மா. சாக்கையே பார்த்துக்கிட்டு நின்னுது.”

அம்மாவின் கையிலிருந்த கீரைக்காம்பு கீழே விழுந்தது.

அப்புறம் வைத்திலிங்கம் மெதுவாகச் சொன்னார். நேற்றிலிருந்து மகளின் குரல் மறுபடி கேட்கிறதாம். உண்மையில் பனைமுனைக்குப் போனதிலிருந்தே லேசாகக் கேட்கத் தொடங்கிவிட்டதாம். எங்கேயோ தியான சாதனையில் பிசகிவிட்டேன், அதனால்தான் குரலும் வந்தது, சக்கரமும் போனது என்பது அவர் கணக்கு. பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றார்.

அம்மா சாதனையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிரீஸ் வைத்தீர்களா என்று கேட்டார்.

வைக்காமலா? ஒவ்வொரு நடைக்கும் கிரீஸ் பம்பைப் பிடித்து, பிதுங்கி வழிகிற வரைக்கும் அடித்தாராம். சக்கர மூடியைத் துணியால் துடைத்து, குங்குமம்கூட வைத்தாராம்.

“பின்பக்கம் தண்ணி உள்ள போகாம தடுக்கிற ரப்பர் சீலைப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. முன்னால் புது கிரீஸ் தெரிந்ததே.

அம்மா எழுந்து போய் ஸ்பேனரும் சுத்தியலும் எடுத்து வந்தார். வண்டியை லாரியிலிருந்து இறக்கச் சொன்னார். கழன்று போகாமல் மிச்சமிருந்த சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். குங்குமம் வைத்த மூடியைத் தட்டிக் கழற்றினார்.

மேலாக மஞ்சள் மஞ்சளாக நல்ல கிரீஸ்தான். வைத்திலிங்கத்துக்கு உயிர் வந்தது.

அம்மா விரலை உள்ளே விட்டு வெளியே எடுத்தார்.

விரலில் ஒட்டியிருந்தது கிரீஸ் இல்லை. திரிந்த பால் மாதிரி வெளிறிப்போன ஏதோ ஒன்று. அதைத் தொடர்ந்து உள்ளேயிருந்து தண்ணீர் ஒழுகியது. உப்புத் தண்ணீர். பேரிங் முழுக்கத் துரு. பின்னால் சீல் பிதுங்கி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிப் பார்த்தால் இவர் ஆசை ஆசையாக அடித்த கிரீஸ் எல்லாம் அந்த வழியாக வெளியேறி, சக்கரத்தின் பின்புறம் அப்பிக்கிடந்தது.

இதுவும் இன்றோ நாளையோ போகவேண்டியதுதான்.

வைத்திலிங்கத்துக்குப் பாண்டியம்மாவின் சாக்கு கண்முன் வந்து நின்றது.

“கரையில சூடு தணிய விடலையா அண்ணே?”

“எந்தச் சூடும்மா?”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். விளையாடுகிறாரோ என்று நினைத்திருக்க வேண்டும். அவர் முகத்தில் விளையாட்டே இல்லை.

தார்ரோட்டில் அவ்வளவு தூரம் ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதி கொதிக்கும், அதை அப்படியே கடல் தண்ணீரில் இறக்கினால் சடாரென்று குளிர்ந்து, சுற்றியிருக்கிற தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றார் அம்மா. சீல் எவ்வளவுதான் தாங்கும்? அதுவும் பிதுங்கிப்போன சீல்?

“அதுக்குத்தான கரையில உட்கார்றோம்.”

வைத்திலிங்கம் சக்கரத்தைப் பார்த்தார். இந்த ஒரு வரி காதில் விழுந்து, உள்ளே இறங்கி, புரிவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“கரையில உட்கார்றது சக்கரத்துக்கா?”

“பின்ன?”

“தியானம் இல்லையா?”

“தியானமா!”

இப்போது திகைத்துப்போனது அம்மா. ஆண்டாண்டாக இத்தனை பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பாவம், வெயில் தாங்காமல் கண் அசருகிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவர் மட்டும் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வப்போது அதைத் தொட்டுப் பார்ப்பார். கை தாங்குகிற அளவுக்குச் சூடு இறங்கியதும் எழுவார். கண்ணைத் திறந்து வைத்திருந்தவன் எவனாக இருந்தாலும் பார்த்திருப்பான். ஒருத்தர்கூடத் திறந்து அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவ்வளவு பக்தி.

பனைமுனையில் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று அம்மா கேட்டார். கேட்கவே பயந்தது மாதிரி கேட்டார்.

வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பனைமுனைக் கரையில் மீன் ஏலம், ஒரே இரைச்சல், நாற்றம். மனசு ஒருமுகப்படாது. அதனால் கிளம்புவதற்கு முன்னாலேயே கூடத்தில், ஃபேனுக்குக் கீழே, பாய் விரித்து எல்லோரையும் உட்கார வைத்துவிடுவார். இங்கே உட்கார்ந்ததைவிட அதிக நேரம். மூச்சை எண்ணச் சொல்லுவார், மந்திரமும் சேர்த்துக்கொண்டார். முடித்துவிட்டுக் கிளம்பினால், கரையில் நிற்காமல் நேரே கடலுக்குள்தான்.

“வண்டி ஓடுறதுக்கு முன்னாடியே உட்கார்ந்தீங்களா?”

“ஆமாம்மா.”

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

வைத்திலிங்கம் விடவில்லை. அப்படியானால் வழியில் பேசக் கூடாது என்றது?

பேரிங் தேய்ந்தால் சத்தம் வருமாம். ஆட்கள் பேசிக்கொண்டு வந்தால் அது காதில் விழாதாம். அதற்காகத்தான்.

இதைக் கேட்டதும் வைத்திலிங்கத்தின் முகம் வெளுத்துப்போனது. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். நாய் உறுமுகிற மாதிரி. ஒவ்வொரு நடையிலும் கேட்டிருக்கிறார். மௌனத்தில் மனசு வெளியே ஓடுகிறதே என்று தன்னையே கடிந்துகொண்டு, அதைக் கேட்காமல் இருக்கப் பழகியிருக்கிறார். போன வாரம் அது அறவே காதில் விழவில்லை. எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்!

“நான் ஒரு பொம்பளையைக் கொன்னிருப்பேம்மா” என்றார்.

அம்மா இல்லை என்று சொல்லவில்லை. துருப்பிடித்த பேரிங்கை உருவி எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதைச் சுற்றிப் பார்த்தார் அவர். சுற்றவில்லை. உள்ளே நறநறவென்று மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது.

அம்மா மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து வைத்தார். புது பேரிங் போட வேண்டும், புது சீல் போட வேண்டும், உருளைகளுக்கு இடையில் கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டும், பம்பைப் பிடித்துக் கண்மண் தெரியாமல் அடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். இதையெல்லாம் இப்போதே தன் கண்ணெதிரில் உட்கார்ந்து செய்ய வேண்டும், பனைமுனைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பாண்டியம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

பொறுப்பை யாரிடமும் மாற்றிக் கொடுக்கப்போவதில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் வைத்திலிங்கம் அதையெல்லாம் கேட்கவில்லை. பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சக்கரம் போனதுகூட அவருக்கு இப்போது பெரிதாகப் படவில்லை. அவருக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே பிடிமானம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

“அப்ப எம் பொண்ணு குரல் நின்னுது பாருங்க, அது என்னம்மா? அதுவும் பொய்யா? சக்கரத்துக்குக் காவல் இருந்த நேரத்துக்கா நான் நிம்மதின்னு பேரு வச்சேன்?”

அம்மா மண்ணெண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். அந்தக் குரல் கரை மணலில்தான் நின்றது என்று அவருக்கு இதுவரை தெரியாது. மணலில் இவர் அழுததையும் அவர் பார்த்ததில்லை.

“அந்த மணல்ல உட்கார்ந்து நீங்க என்ன செஞ்சீங்க அண்ணே?”

வைத்திலிங்கம் நினைத்துப் பார்த்தார். மந்திரம் சொன்னாரா? அது பனைமுனையில் தானாகச் சேர்த்துக்கொண்டது. மூச்சை எண்ணினாரா? அதுவும் பனைமுனையில்தான். குரலை விரட்டப் பார்த்தாரா? இல்லை. அதைக் கேட்கக் கூடாது என்று காதைப் பொத்தினாரா? அதுவும் இல்லை.

“ஒண்ணும் செய்யலம்மா” என்றார். சொல்வதற்கே வெட்கமாக இருந்தது.

“சக்கரமும் ஒண்ணும் செய்யலையே அண்ணே” என்றார் அம்மா. “சும்மாதான நின்னு ஆறுச்சு.”